சந்திரன் படங்களைக் காப்பாற்றிய பெண் அதிகாரி!
கார் ஷெட்டில் கிடந்த ராட்சத மெஷின்கள்

குப்பைக்குப் போக இருந்த 1,500 டேப்புகளை ஒரு பெண் அதிகாரி காப்பாற்றினார். அதனால் சந்திரனின் அபூர்வப் படங்கள் உலகத்துக்குத் திரும்பக் கிடைத்தன.

அவர் பெயர் நான்சி இவான்ஸ். அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவில் ஆவணங்களைப் பாதுகாக்கும் வேலை பார்த்தவர்.

1966, 67-ம் ஆண்டுகளில் "லூனார் ஆர்பிட்டர்" என்ற 5 விண்கலங்கள் சந்திரனைச் சுற்றிப் படம் பிடித்தன. அந்தப் படங்கள் டேப்பில் பதிவாயின. 20 வருஷம் கழித்து, "இவற்றை வைத்திருப்பதா, அழிப்பதா?" என்ற கேள்வி வந்தது.

நான்சிக்கு மனசு வரவில்லை. "அழிக்கக்கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஓட்ட மெஷின் இல்லை

டேப் இருந்தால் மட்டும் போதுமா? ஓட்ட மெஷின் வேண்டாமா? பீரோ போன்ற அந்தப் பழைய மெஷின்களையும் தேடிப் பிடித்தார். வைக்க இடம் இல்லை. தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே பல வருஷம் வைத்திருந்தார்.

2008-ல் ஒரு குழுவினர் அவற்றைக் கொண்டுபோய், கலிபோர்னியாவில் மூடிக்கிடந்த ஒரு மெக்டொனால்டு ஓட்டலில் வைத்து ரிப்பேர் செய்தார்கள். அந்த ஆண்டு நவம்பரில் முதல் படம் வந்தது. சந்திரனுக்கு மேலே பூமி தெரியும் படம்! 1966-ல் வெளியானதைவிடப் பளிச்சென்று இருந்தது.

அழிந்த டேப்

எல்லா டேப்புக்கும் இந்த அதிர்ஷ்டம் இல்லை. 1969-ல் ஆம்ஸ்ட்ராங் சந்திரனில் நடந்த காட்சியின் மூலப் பதிவைத் தேடினார்கள். கிடைக்கவில்லை. அதை அழித்துவிட்டு, அதே டேப்பில் வேறு பதிவு செய்திருக்கலாம் என்று 2009-ல் நாசா அறிவித்தது. டெலிவிஷனில் ஒளிபரப்பான பிரதிதான் மிச்சம்.

கனடா விஞ்ஞானிகள் 516 ஆராய்ச்சிக் கட்டுரைகளை எடுத்து, அவற்றின் மூலக் கணக்குகளைத் தேடினார்கள். முடிவு 2013-ல் வெளியானது. கணக்கு கிடைக்கும் வாய்ப்பு வருஷத்துக்கு 17 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே போனது தெரிந்தது.

நூலகருக்குப் புது வேலை

விஞ்ஞானி ஆராய்ச்சி செய்வார். ரிக்கார்டை யார் பார்ப்பது? நூலகர்தான்!

அமெரிக்காவில் இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 2006-ல் இதற்கென்றே தனிப் படிப்பு கொண்டுவந்தது. எந்தக் கருவியில், எந்தத் தேதியில் எடுத்த அளவு என்று குறிப்பு எழுதுவது, மெஷின் பழசாகும் முன்பே புது முறைக்கு மாற்றுவது, வேறு வேறு இடத்தில் பிரதி வைப்பது, எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று முடிவு செய்வது... இவைதான் இந்த வேலைக்கான பாடங்கள்.

2011 முதல் அமெரிக்க தேசிய விஞ்ஞான நிறுவனமும் கண்டிப்பு காட்டியது. ஆராய்ச்சிக்குப் பணம் கேட்பவர், கணக்குகளை எப்படிப் பாதுகாப்பார் என்றும் எழுதித்தர வேண்டும் என்றது.

கடைக்காரருக்குப் பேரேடு எப்படியோ, விஞ்ஞானிக்கு இந்தக் கணக்கு அப்படி. தொலைந்தால் மறுபடி எழுத முடியாது. 1966-ம் வருஷத்துச் சந்திரனை இனி யார் போய்ப் படம் பிடிப்பது?