‘வயிற்றுவலி’ மட்டும்தானா காரணம்? வழக்கு டைரியில் ஏறாத முடிச்சுகள்!

“தீராத வயிற்றுவலி. வாழ்க்கையில் வெறுப்பு.” தற்கொலை வழக்கு என்றால் போலீஸ் ஸ்டேஷனில் இந்த வரி தயாராக இருக்கும். இல்லாவிட்டால் ‘குடும்பத் தகராறு’. பேப்பரிலும் அதே வரிதான் வரும். படிக்கிறவர் “அடப்பாவமே!” என்று சொல்லிவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுவார்.

ஒரே காரணத்தால் இது நடப்பதில்லை என்கிறார்கள் மனநல டாக்டர்கள்.

ஒரு விவசாயி வீட்டை நினைத்துப் பாருங்கள். மழை பொய்க்கிறது. வட்டி ஏறுகிறது. கவலையில் தூக்கம் போகிறது. தூக்கத்துக்காகக் குடி. குடியால் வீட்டில் சண்டை. சண்டையால் இன்னும் குடி, இன்னும் கடன். இதில் எது தலை, எது வால்? ஒன்று இன்னொன்றுக்குத் தீனி போடுகிறது. கடைசியில் யாரோ சொன்ன ஒரு சுடுசொல். ஏட்டு எழுதிக்கொள்வது அதை மட்டும்தான்!

இவ்வளவு சிக்கல் என்றால் ஒன்றுமே செய்ய முடியாதா? முடியும். எல்லா முடிச்சையும் அவிழ்க்க வேண்டியதில்லை.

போர் நிற்கவில்லை, சாவு குறைந்தது

இலங்கையில் 1995-ல் லட்சம் பேருக்குச் சுமார் 47 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். உலகிலேயே மிக மோசமான கணக்குகளில் அது ஒன்று. கொடிய பூச்சிமருந்துகளை அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. 2005-க்குள் சாவு பாதியாகக் குறைந்தது. போர் 2009-ல்தான் முடிந்தது. வறுமையும் குடியும் அங்கேதான் இருந்தன. அறுந்தது ஒரு இழை மட்டுமே!

காரணம் இருக்கிறது. சாக வேண்டும் என்ற வேகம் பல பேருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். விஷம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் அந்த அவகாசம் கிடைக்காது. பிழைத்து எழுந்தவர்களில் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் சாவதில்லை.

நம்ம ஊரிலும் இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். காட்டுமன்னார்கோவில் பகுதிக் கிராமங்களில், பூச்சிமருந்தை வீட்டில் வைக்காமல் பொது அறையில் பூட்டுப் போட்ட பெட்டிகளில் வைக்கச் சொன்னார்கள். சென்னையில் 1986-ல் தொடங்கிய ‘சினேகா’ அமைப்பைச் சேர்ந்த டாக்டர்களின் முயற்சி இது. முடிவு 2013-ல் வெளியானது. சின்ன சோதனைதான். ஆனாலும் அங்கே தற்கொலைகள் குறைந்தன. ஒரு பூட்டுக்கு என்ன விலை இருக்கும்?

பரீட்சையில் தவறிய பிள்ளைகளுக்கு அதே ஆண்டில் துணைத்தேர்வு வைப்பதும் இப்படி ஒரு இழைதான். ‘ஒரு வருஷம் போச்சு’ என்ற பேச்சு அதோடு அடிபடுகிறது.

மனசு கனத்துப் போனவர்கள், அவர்கள் வீட்டுக்காரர்கள் யாரானாலும் 104 அல்லது 14416 என்ற எண்ணுக்கு இரவு பகல் எந்த நேரமும் போன் செய்யலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.