எரிபொருட் பம்பி



பிள்ளைகளையும் வீட்டுச் சாமான்களையும் ஏற்றிச் செல்லவென அமைந்த ஸ்ரேஷன் வாகனிலே பந்தய வேகத்துக்குரிய எஞ்சினைப் பொருத்தும் வழக்கம் பல நாடுகளில் உண்டு. 1996 ஆம் ஆண்டில் ஜப்பானில் வெளிவந்த சுபாரு லெகசி ஜீ.ரீ.-பீ அத்தகையது. அதன் 2 லீற்றர் எஞ்சின், இரண்டு டர்போக்களின் துணையால், கையால் கியர் மாற்றும் வண்டியில் 280 குதிரைவலுவைத் தந்தது. இவ்வண்டிகள் இன்று கால் நூற்றாண்டைக் கடந்துவிட்டன. அவற்றை வாங்குவோர் எஞ்சினைப் போற்றுகின்றனர். பெற்றோல் தாங்கியினுள் மூழ்கியவாறே சுழலும் சிறு மின்பம்பியை மறந்துவிடுகின்றனர்.

அம்மறதி அபாயமானது. வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது மணிக்கு ஏறத்தாழ 1 லீற்றர் பெற்றோல் போதும். முழு வலுவில் அதே எஞ்சினுக்கு மணிக்கு 100 லீற்றர் வரை வேண்டும். ஆகவே, தளர்ந்த பம்பி வீட்டு வாசலில் குறையெதுவும் காட்டாது. ஏற்றத்தில் வண்டியை விரட்டும்போதுதான் பெற்றோல் குறையும். காற்று மிகுந்து பெற்றோல் குறைந்த கலவை சூடேறி, ஒழுங்கின்றி வெடித்து, முசலத்தையே துளைத்துவிடக்கூடும். பம்பியின் விலை எங்கே, எஞ்சினின் விலை எங்கே!

அப்படியானால் மிகப் பெரிய பம்பியைப் பொருத்தலாமே என்பீர்கள். மணிக்கு 255 லீற்றர் தரும் பம்பிகள் இத்துறையில் பெயர்பெற்றவை. ஆனால் அந்த எண்ணிக்கையை அப்படியே நம்புதல் தகாது. டர்போவின் அழுத்தம் 1 பார் உயர்ந்தால் எரிபொருள் அழுத்தமும் 3 பாரிலிருந்து 4 பாருக்கு உயரவேண்டும். அழுத்தம் கூடக்கூடப் பம்பி தள்ளும் அளவு குறையும். மறுபுறம், அளவுக்கு மிஞ்சிய பம்பி தள்ளுவதைத் திரும்பும் குழாய் தாங்காவிட்டால், அழுத்தம் கட்டுக்கடங்காமல் ஏறிப் பெற்றோல் வீணாகும். பழைய மின்கம்பிகளும் கவனிக்கத்தக்கவை. பம்பிக்குச் சேரும் வோல்ற்றளவு குறைந்தால் புதுப்பம்பியும் சோர்ந்தே ஓடும். பற்றரியிலிருந்து தடித்த கம்பியை, பியூஸும் றிலேயும் சேர்த்து, தனியே இழுப்பது நன்று.

மாற்றும் வேலையைத் திறந்த வெளியில், தாங்கியில் பெற்றோல் குறைவாக உள்ளபோதே செய்தல் வேண்டும். பம்பியின் பியூஸைக் கழற்றி எஞ்சினைத் தானே நிற்கும்வரை ஓடவிட்டால் குழாயின் அழுத்தம் தணியும். பின்னர் பற்றரியின் எதிர்முனையை விடுவிக்கலாம். சாமான் தட்டின் விரிப்பை நீக்கினால் பம்பியின் மூடி தெரியும். தாங்கியினுள் இடும் இறப்பர்க் குழாய், பெற்றோலில் மூழ்கிக் கிடக்கத் தக்கதாயிருத்தல் அவசியம். சாதாரண குழாய் உள்ளே உப்பிச் சிதையும். சல்லடையையும் மூடியின் இறப்பர் வளையத்தையும் புதியனவாகவே இடுக.

இவ்வளையத்தில் சிக்கனம் பாராட்டுவோரை நான் மன்னிப்பதில்லை. சாதாரண காரில் சாமான் அறைக்கும் இருக்கைகளுக்கும் இடையே தடுப்புண்டு. ஸ்ரேஷன் வாகனில் அஃதில்லை. வளையம் கசிந்தால், பெற்றோல் ஆவி பின்னிருக்கைப் பிள்ளைகளின் மூச்சிலேதான் கலக்கும். ஆதலால் விரிப்பை மூடுமுன், தாங்கியை நிரப்பி, எஞ்சினை ஓடவிட்டு, மூடியைச் சுற்றி ஈரமோ மணமோ உண்டாவென்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள்.