நேரடி இரண்டாமாண்டுப் பட்டயப் படிப்பு: நம் மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

பொதுத்தேர்வு முடிவுகள் வெளியாகும் மே மாதத்தில் பள்ளிக்கு வரும் பெற்றோர் பலரும் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கிறார்கள். "ரெண்டு வருசத்துல முடிச்சு வேலைக்குப் போற மாதிரி படிப்பு ஏதாச்சும் இருக்குங்களா டீச்சர்?" ராசிபுரம், திருச்செங்கோடு, ஓமலூர், ஆத்தூர் என நம் பகுதியில் எந்த ஊர்ப் பள்ளியில் பணிபுரிந்தாலும் இந்தக் கேள்வி நமக்கு வந்திருக்கும். தறி ஓட்டுபவர், லாரி ஓட்டுநர், கோழிப்பண்ணைத் தொழிலாளி, ரிக் வண்டியில் வெளிமாநிலம் போய் வருபவர் ஆகியோரின் பிள்ளைகளே நம் வகுப்பறைகளில் பெரும்பான்மை. அந்தக் குடும்பங்களுக்கு ஓர் ஆண்டு என்பது ஓர் ஆண்டு வருமானம்.

இக்கேள்விக்கு நேர்மையான விடை ஒன்று உண்டு. பல்தொழில்நுட்பக் கல்லூரிகளில், அதாவது பாலிடெக்னிக்குகளில், நேரடி இரண்டாமாண்டுச் சேர்க்கை என்றொரு வழி இருக்கிறது. அதில் பட்டயப் படிப்பு 2 ஆண்டு, 4 பருவங்கள். ஆனால் அதற்கான தகுதி மே மாதத்தில் தீர்மானமாவதில்லை. மாணவர் பத்தாம் வகுப்பு முடித்து எந்தப் பாடப்பிரிவை, எந்தத் தொழிற்பிரிவைத் தேர்ந்தெடுக்கிறாரோ அப்போதே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. ஆகவே உயர்நிலைப் பள்ளி ஆசிரியருக்கும் இது தெரிந்திருக்க வேண்டிய செய்தி.

இரண்டாண்டு எப்படி வந்தது?

பத்தாம் வகுப்பில் தேர்ச்சி பெற்றவர் பாலிடெக்னிக்கில் சேர்ந்தால் முழுநேரப் பட்டயப் படிப்பு 3 ஆண்டு. முதலாண்டில் எல்லாப் பிரிவினருக்கும் ஏறத்தாழ ஒரே பாடங்கள்தாம்: கணிதம், இயற்பியல், வேதியியல், ஆங்கிலம், பொறியியல் வரைபடம், பணிமனைப் பயிற்சி. இயந்திரவியல், மின்னியல், கட்டடவியல் என்ற பிரிவுப் பாடங்கள் மூன்றாம் பருவத்தில்தான் முழுமையாகத் தொடங்குகின்றன.

மேல்நிலைக் கல்வியையோ தொழிற்பயிற்சி நிலையத்தில் இரண்டாண்டுப் பயிற்சியையோ முடித்தவர், அந்த முதலாண்டுப் பாடங்களின் ஒரு பகுதியை ஏற்கெனவே கற்றிருக்கிறார். எனவே அவருக்கு முதலாண்டிலிருந்து விலக்கு அளித்து மூன்றாம் பருவத்தில் சேர்க்கிறார்கள். இதுதான் அந்த 2 ஆண்டின் கணக்கு.

இதைக் குறுக்கு வழி என்று பெற்றோர் எண்ணிவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பத்தாம் வகுப்புக்குப் பின் நேராகப் பாலிடெக்னிக் சென்றால் 3 ஆண்டு. பிளஸ் 2 முடித்துச் சென்றால் 2+2, மொத்தம் 4 ஆண்டு. தொழிற்பயிற்சி முடித்துச் சென்றாலும் அதே 4 ஆண்டு. பட்டயப் படிப்புதான் வேண்டும் என்று பத்தாம் வகுப்பிலேயே உறுதியாக இருக்கும் மாணவருக்கு முதலாமாண்டுச் சேர்க்கையே விரைவானது. ஆனால் நேரடி இரண்டாமாண்டு வழியில் வருபவரின் கையில் பிளஸ் 2 சான்றிதழ் அல்லது தேசியத் தொழிற்சான்றிதழ் கூடுதலாக இருக்கும். நடுவில் படிப்பை நிறுத்த நேர்ந்தாலும் அது வீணாவதில்லை. எது பொருத்தம் என்பது குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

யார் சேரலாம்?

முதல் வகையினர் மேல்நிலைத் தேர்வில் தேர்ச்சி பெற்றவர்கள். பொறியியல் பட்டயத்துக்கு இயற்பியல், வேதியியல் பாடங்களுடன் கணிதம் அல்லது உயிரியல் படித்திருக்க வேண்டும் என்பது நெடுநாள் நடைமுறை. தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களும் தொடர்புடைய தொழிற்பாடத்துடன் கணிதம், இயற்பியல், வேதியியலில் ஒன்றைப் படித்திருந்தால் தகுதியுடையவர்கள். வணிகப் பாடப்பிரிவினருக்கு வணிகப் பயிற்சிப் பட்டயம் உண்டு. ஏற்கப்படும் பாடங்களின் பட்டியல் அவ்வப்போது விரிவாக்கப்படுவதால், அந்தந்த ஆண்டின் தொழில்நுட்பக் கல்வி இயக்கக அறிவிப்பை ஒருமுறை படித்துவிட்டுச் சொல்வது நல்லது.

இரண்டாம் வகையினர் பத்தாம் வகுப்புக்குப் பின் தொழிற்பயிற்சி நிலையத்தில் 2 ஆண்டுப் பிரிவில் தேர்ச்சி பெற்றவர்கள். இதில் '2 ஆண்டு' என்ற சொல்லை அடிக்கோடிட்டுப் படிக்க வேண்டும். ஃபிட்டர், எலக்ட்ரீசியன், டர்னர், மெஷினிஸ்ட், மோட்டார் வாகன மெக்கானிக் போன்றவை 2 ஆண்டுப் பிரிவுகள். வெல்டர், பிளம்பர், கணினி இயக்குநர் பயிற்சியான கோபா போன்றவை 1 ஆண்டுப் பிரிவுகள். நாமக்கல்லில் லாரிக்குக் கூடு கட்டும் பட்டறைகளும் திருச்செங்கோட்டில் ரிக் பட்டறைகளும் நிறைந்திருப்பதால், நம் மாணவர்கள் வெல்டர் பிரிவை விரும்பிக் கேட்கிறார்கள். உடனடி வேலைக்கு அது நல்ல பிரிவுதான். ஆனால் ஓராண்டுப் பிரிவை மட்டும் முடித்தவருக்கு நேரடி இரண்டாமாண்டுக் கதவு திறப்பதில்லை. பின்னாளில் பட்டயம் வேண்டுமென்றால் அவர் முதலாமாண்டிலிருந்து தொடங்க வேண்டும். சேரும் முன்பே மாணவருக்கு இதைச் சொல்லிவிட வேண்டியது நம் கடமை.

தொழிற்பிரிவும் பட்டயப் பிரிவும் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும் என்பது மற்றொரு விதி. ஃபிட்டர் முடித்தவர் இயந்திரவியலுக்கும், எலக்ட்ரீசியன் முடித்தவர் மின்னியலுக்கும் செல்வது இயல்பான வழி.

சேர்ந்த பின் நிறைவு செய்ய வேண்டியவை

சேர்க்கை கிடைத்துவிட்டாலே பட்டயம் கிடைத்துவிடாது. மாணவர் எந்த ஆண்டு சேருகிறாரோ அந்த ஆண்டின் பாடத்திட்ட விதிகளே அவருக்குப் பொருந்தும். எடுத்துக்காட்டாக, 2020-21இல் நடைமுறைக்கு வந்த விதிகள் இவை: எழுத்துத் தேர்வில் 100க்கு 40, செய்முறைத் தேர்வில் 100க்கு 50 என்பது குறைந்தபட்சத் தேர்ச்சி மதிப்பெண். தேர்வெழுத வருகைப்பதிவு 80 விழுக்காடு தேவை. நேரடி இரண்டாமாண்டில் சேர்ந்தவர் எல்லாப் பாடங்களையும் அதிகபட்சம் 5 ஆண்டுக்குள் முடித்தாக வேண்டும். முதல் வகுப்பு பெறுவதற்கு 60 விழுக்காடு மட்டும் போதாது. உரிய படிப்புக் காலத்துக்குள், அதாவது 2 ஆண்டுக்குள், எல்லாப் பருவங்களிலும் தேறியிருக்கவும் வேண்டும்.

2023-24 முதல் புதிய விதிமுறை வந்துவிட்டது. மதிப்பெண் பகிர்வு அதில் மாறியிருக்கிறது. அகமதிப்பீட்டுக்கு முன்பைவிட அதிக இடம் தரப்பட்டுள்ளது. ஆகவே கல்லூரி தரும் விதிமுறைக் கையேட்டை முதல் வாரத்திலேயே படிக்கும்படி மாணவரிடம் சொல்லியனுப்ப வேண்டும்.

விதிகள் மாறினாலும் அடிப்படை ஒன்றுதான். மூன்றாண்டு மாணவருக்குக் கல்லூரியின் நடைமுறை பழக ஓராண்டு கிடைக்கிறது. நம் மாணவருக்கு அந்த அவகாசம் இல்லை. முதல் நாளே பிரிவுப் பாடம், நான்காவது மாதத்தில் வாரியத் தேர்வு. மூன்றாம் பருவத்தில் விழும் இரண்டு அரியர், நான்காம் பருவச் சுமையோடு சேர்ந்து நான்காகிறது. படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுப் பட்டறைக்கே திரும்பிவிடும் பிள்ளைகள் பலரும் இந்த இடத்தில்தான் தடுக்கி விழுகிறார்கள்.

விடுபட்ட முதலாண்டை எங்கே கற்பது?

நாம் உதவக்கூடிய இடம் இதுதான். முதலாண்டுப் பாடங்களுக்குத் தேர்விலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்தப் பாட அறிவு அடுத்த பருவங்களில் தேவைப்படவே செய்கிறது. மின்சுற்றுப் பாடத்தில் மாறுமின்னோட்டம் வரும்போது கலப்பெண்கள் வேண்டும். பொருட்களின் வலிமை பற்றிய பாடத்தில் திரிகோணமிதி வேண்டும். எந்த இயந்திரப் பாடத்திலும் வரைபடத்தைப் படிக்கத் தெரிய வேண்டும்.

யாருக்கு எது குறைகிறது என்று பிரித்துப் பார்த்தால் பணி எளிதாகிவிடும்.

பிளஸ் 2 கணிதப் பிரிவு மாணவருக்குக் கணிதமும் இயற்பியலும் இருக்கின்றன. அணிகள், அணிக்கோவைகள், வகையிடல், தொகையிடல் எல்லாம் அவர் படித்தவையே. வெர்னியர் அளவியும் திருகு அளவியும் செய்முறை வகுப்பில் கையாண்டவையே. அவரிடம் இல்லாதவை பொறியியல் வரைபடமும் பணிமனைப் பழக்கமும். ஒரு பொருளை முன்பக்கம், மேற்புறம், பக்கவாட்டு என மூன்று தோற்றங்களில் வரைவதற்குப் பத்து நாள் பயிற்சி கொடுத்தால் போதும், முதல் அச்சம் போய்விடும். தீப்பெட்டி, சாக்பீஸ் பெட்டி, நட்டு, போல்ட் ஆகியவையே இதற்குப் போதுமான கருவிகள்.

தொழிற்பயிற்சி முடித்தவரின் நிலை இதற்கு நேர்மாறானது. வரைபடம் தெரியும், அரமும் கடைசல் இயந்திரமும் கைக்குப் பழகியவை. பணிமனைக் கணக்கு என்ற பாடத்தில் பரப்பு, கன அளவு, விழுக்காடு படித்திருப்பார். ஆனால் வகைநுண்கணிதமும் தொகைநுண்கணிதமும் அவர் பார்க்காதவை. பத்தாம் வகுப்போடு ஆங்கிலத்தில் பத்தி எழுதும் பழக்கமும் விட்டுப்போயிருக்கும். நம் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புக் கணிதப் பாடநூல்களின் தொடக்க இயல்களே அவருக்குத் தேவையானவை. முன்னாள் மாணவர்தானே, பள்ளி நூலகத்திலிருந்து நூலை எடுத்துக் கொடுக்கலாம்.

மிகுந்த கவனம் வேண்டியவர் கணிதம் இல்லாத அறிவியல் பிரிவு மாணவர். தகுதி விதி அவரை அனுமதிக்கிறது. ஆனால் கணிதத்தை விட்டு இரண்டாண்டு ஆகியிருக்கும், வரைபடமும் தெரியாது. இரண்டு குறைகளும் அவரிடம் உண்டு. பத்தாம் வகுப்புத் திரிகோணமிதியிலிருந்து அவருக்குத் தொடங்க வேண்டும். தேர்வு முடிந்து கல்லூரி தொடங்கும் வரையுள்ள வாரங்களில் நாளொன்றுக்கு ஒரு மணிநேரம் ஒதுக்கினால் இதைச் செய்துவிடலாம்.

மேலைநாடுகளிலும் இந்தச் சிக்கலுக்கு இதுவேதான் தீர்வு. அமெரிக்காவின் சமுதாயக் கல்லூரிகள் வழங்கும் தொழில்சார்ந்த இரண்டாண்டு 'அசோசியேட்' பட்டத்துக்கு ஏறத்தாழ 60 கிரெடிட் தேவை. அவற்றில் தொழிற்பாடங்களோடு கணிதமும் மொழித்திறனும் கட்டாயப் பகுதிகள். கணிதத்திலோ மொழியிலோ பின்தங்கியவருக்குத் துணைப்பாடம் வைப்பது அங்கே நெடுநாள் வழக்கம். கையில் தொழில் இருந்தாலும், எழுதவும் கணக்கிடவும் தெரிந்தால்தான் மேற்பார்வையாளர் நிலைக்கு உயர முடியும்.

உதவித்தொகைகள்

அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும் மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. பட்டயப் படிப்பும் தொழிற்பயிற்சியும் இத்திட்டங்களில் அடங்கும். அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் பிரகதி உதவித்தொகை, குடும்ப ஆண்டு வருமானம் 8 லட்சத்துக்கு மிகாத மாணவியருக்கு ஆண்டுக்கு 50,000 ரூபாய் தருகிறது. நேரடி இரண்டாமாண்டில் சேரும் மாணவியரும் அதற்கு விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. "பொட்டப்புள்ளைக்கு மெக்கானிக்கல் எதுக்குங்க?" என்று தயங்கும் வீடுகளில் பேச்சைத் தொடங்க இந்தச் செய்தி உதவும்.

முடித்த பின் என்ன?

பட்டயம் முடித்தவர் 1961ஆம் ஆண்டுத் தொழிற்பழகுநர் சட்டத்தின்கீழ் ஓராண்டு உதவித்தொகையுடன் பயிற்சி பெறலாம். மேலே படிக்க விரும்பினால் பி.இ. இரண்டாமாண்டில் நேரடியாகச் சேரலாம். சேலம் உருக்காலை, மேட்டூர் அனல்மின் நிலையம், பள்ளிப்பாளையம் காகித ஆலை, ஜவ்வரிசி ஆலைகள், நூற்பாலைகள், வாகனப் பட்டறைகள் எனப் பட்டயதாரரின் திறன் பயன்படும் இடங்கள் நம் பேருந்து வழித்தடங்களிலேயே இருக்கின்றன. சேலம் தியாகராஜர் பாலிடெக்னிக் 1958இலிருந்து இயங்கி வருகிறது. அங்கே படித்த முன்னாள் மாணவர் ஒருவராவது நம் ஊர்களில் இருப்பார். அவரைப் பள்ளிக்கு அழைத்துப் பேசச் சொன்னால் நாம் ஒரு மணிநேரம் சொல்வதைவிட அது மாணவர் மனதில் பதியும்.

ஒரு எச்சரிக்கை

'இரண்டாண்டு டிப்ளமோ, உடனடி வேலை' என்ற பதாகைகள் மே மாதத்தில் பேருந்து நிலையங்களில் தொங்குகின்றன. அவற்றில் சில வெறும் தனியார் சான்றிதழ்ப் பயிற்சிகள். பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். கல்லூரிக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா? தேர்வை நடத்திச் சான்றிதழ் தருவது தொழில்நுட்பக் கல்வி இயக்ககமா? இந்தச் சான்றிதழைக் கொண்டு பி.இ. இரண்டாமாண்டில் சேர முடியுமா? மூன்றுக்கும் 'ஆம்' என்ற விடை எழுத்தில் கிடைக்காவிட்டால் சேர்க்க வேண்டாம்.

பள்ளியில் செய்யக்கூடியவை

பத்தாம் வகுப்பு வழிகாட்டல் பாடவேளையில் கரும்பலகையில் மூன்று வழிகளையும் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் ஆகும் ஆண்டுகளை எழுதிக் காட்டலாம். ஓராண்டு, ஈராண்டுத் தொழிற்பிரிவுகளைத் தனித்தனிப் பட்டியலாக அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம். பிளஸ் 2 தேர்வு முடிந்ததும், பட்டயம் செல்ல எண்ணும் மாணவரை அடையாளம் கண்டு, கணித ஆசிரியரும் இயற்பியல் ஆசிரியரும் இணைந்து சிறு இணைப்பு வகுப்பு நடத்தலாம். தேர்ச்சி பெறாமல் துணைத்தேர்வு எழுதும் மாணவரையும் மறந்துவிடக் கூடாது. அவர் பத்தாம் வகுப்புத் தகுதியைக் கொண்டு பட்டய முதலாண்டிலோ தொழிற்பயிற்சியிலோ சேர முடியும். 'எல்லாம் முடிந்தது' என்று வீட்டில் முடங்கிக் கிடப்பவரிடம் இதைப் போய்ச் சொல்ல யாராவது வேண்டும். பெரும்பாலான வீடுகளில் அந்த 'யாராவது' நாம்தான்.