நடுவில் சதுர ஓட்டை... மாமல்லபுரம் மணலில் சீனக் காசு கிடைத்தால் எப்படி அடையாளம் காண்பது?

2019 அக்டோபரில் பிரதமர் மோடியும் சீன அதிபர் ஷி ஜின்பிங்கும் மாமல்லபுரத்தில் சந்தித்தபோது, பல்லவர் காலத்துச் சீனத் தொடர்பு பற்றிய பேச்சு எங்கும் அடிபட்டது. தமிழகத்துக்கும் சீனாவுக்கும் இடையிலான பழைய கடல் வணிகத்துக்குக் கையில் பிடித்துப் பார்க்கும்படியான சாட்சி ஒன்று உண்டு: நடுவில் சதுர ஓட்டை உள்ள செம்புக் காசு. 19-ம் நூற்றாண்டில் தென்னிந்தியக் காசுகளை ஆராய்ந்த வால்டர் எலியட், பலத்த காற்று அடித்து ஓய்ந்த பிறகு சோழமண்டலக் கடற்கரை மணலில் ரோமானியச் செப்புக் காசுகளோடு ஓட்டை போட்ட சீனக் காசுகளும் வெளியே தெரிவதாக எழுதியிருக்கிறார்.

இன்று அப்படி ஒன்று கிடைத்தால் என்ன நடக்கும்? புளி போட்டுப் பளபளவெனத் தேய்ப்போம். போட்டோ எடுத்து, ‘சோழர் காலச் சீன நாணயம், என்ன விலை போகும்?’ என்று வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். அங்கேதான் சிக்கல்.

முதலில் ஓட்டையைப் பாருங்க. வட்ட ஓட்டை என்றால், அது 1943 முதல் பிரிட்டிஷ் இந்தியா வெளியிட்ட, நம் தாத்தா பாட்டிக்குப் பழக்கமான ஓட்டைக் காலணாவாக இருக்கலாம். சீனக் காசு என்றால் ஓட்டை சதுரமாக இருக்கும். அச்சடித்த காசு இல்லை, அச்சில் உருக்கி வார்த்த காசு. வார்த்த பிறகு சதுரக் கம்பியில் வரிசையாகக் கோத்து ஓரங்களை அரத்தால் ராவுவார்கள். ஓட்டை சதுரமாக இருந்தால் காசு கம்பியில் சுற்றாது.

சரி, சீன எழுத்து படிக்கத் தெரியாதே? ஒரே ஒரு எழுத்தைத் தெரிந்துகொண்டால் போதும். நான்கு எழுத்தில் கோடுகள் அதிகம் நெருங்கியிருப்பது, மேலே கூரை, கீழே இரண்டு குட்டிக் கால்கள். அது ‘பாவ்’, பொக்கிஷம் என்று அர்த்தம். அந்த எழுத்து உங்கள் இடது கைப்பக்கம் வரும்படி காசைத் திருப்பினால், காசு நேராக நிற்கிறது. பிறகு மேல், கீழ், வலம், இடம் என்றோ, மேலிருந்து கடிகாரச் சுற்றிலோ படிக்க வேண்டும். முதல் இரண்டு எழுத்து பெரும்பாலும் ஆட்சிக்காலப் பெயர். கி.பி. 621-ல் தாங் வம்சம் வெளியிட்ட ‘காய்யுவான் தோங்பாவ்’ காசுதான் இந்த அமைப்புக்கே முன்மாதிரி. ஆனால் அதில் அந்த இரண்டு எழுத்து ஆட்சிப் பெயர் அல்ல.

பின்பக்கமும் பேசும். ஓட்டையின் இருபுறமும் சீன எழுத்தே போல இல்லாத, நெளிநெளியான மஞ்சு எழுத்து இருந்தால் 1644-க்குப் பிந்தைய சிங் வம்சக் காசு. அலை அலையாகக் கோடு இருந்தால் ஜப்பான் காசாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆமாம், ஜப்பான், கொரியா, வியட்நாம் எல்லாமே இதே வடிவத்தில், இதே எழுத்தில் காசு வார்த்தன. சிவப்புக் கயிற்றில் கட்டி ‘ஃபெங் ஷுய்’ என்று ஃபேன்சி ஸ்டோரில் தொங்குவதும் இதன் நகல்தான்.

எழுத்தைப் படித்துவிட்டால் காலம் தெரிந்துவிடுமா? இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்.

‘யுவான்ஃபெங் தோங்பாவ்’ என்ற காசை எடுத்துக்கொள்வோம். யுவான்ஃபெங் என்பது சோங் வம்சத்தில் 1078 முதல் 1085 வரையான காலம். அப்போது இங்கே முதலாம் குலோத்துங்கன் ஆட்சி. 1077-ல் சோழ நாட்டிலிருந்து சீனா சென்ற 72 பேர் கொண்ட தூதுக்குழுவுக்கு 81,800 சரம் செப்புக் காசு தரப்பட்டதாகச் சீனக் குறிப்பு சொல்கிறது. ஒரு சரம் கணக்குக்கு 1,000 காசு. (அத்தனையையும் கப்பலில் ஏற்றியிருந்தால் 300 டன்னைத் தாண்டும். பெரும்பகுதியை அங்கேயே சரக்காக மாற்றியிருப்பார்கள் என்றுதான் தோன்றுகிறது.) எனவே யுவான்ஃபெங் காசைப் பார்த்ததும் சோழர் நினைவு வருவது இயல்பு.

ஆனால் அதே யுவான்ஃபெங் பெயரைப் போட்டு 1659 முதல் 1685 வரை ஜப்பானின் நாகசாகியிலும் ஏற்றுமதிக்காகக் காசு வார்த்தார்கள். டச்சுக் கம்பெனி அதை முக்கியமாக வியட்நாமுக்குக் கொண்டுபோனது. அந்த டச்சுக் கம்பெனிக்கு 17-ம் நூற்றாண்டில் இங்கேயும் ஒரு தளம் இருந்தது. மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கம் பக்கத்துச் சதுரங்கப்பட்டினம். ஆக இந்தக் கடற்கரையில் கிடைக்கும் ஒற்றை யுவான்ஃபெங் காசு குலோத்துங்கன் காலத்ததா, 600 வருஷம் கழித்து வந்ததா என்று எழுத்தை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல முடியாது. அசலான சோங் காசேகூட வார்த்த பிறகு நூற்றாண்டுக் கணக்கில் புழக்கத்தில் இருந்தது.

அதனால்தான் புதையலாகக் கிடைப்பதற்குத் தனி மரியாதை. பழைய தஞ்சாவூர் மாவட்டத்தில் விக்கிரமம், ஒலயக்குன்னம், தாலிக்கோட்டை ஆகிய ஊர்களில் சீனக் காசுகள் மொத்தமாகக் கிடைத்தன. விக்கிரமத்தில் மட்டும் 1,800-க்கும் மேல். மொத்தமாக இருக்கும்போது அதிலுள்ள கடைசிக் காசின் காலம், புதைத்த காலத்துக்கு ஒரு எல்லையைக் காட்டும். ஒற்றைக் காசுக்கு அந்த வசதி இல்லை. அதற்கு இருக்கும் ஒரே ஆதாரம் அது கிடந்த இடம்தான்: எந்த ஆழம், பக்கத்தில் என்ன பானை ஓடு, என்ன மணி.

அந்தத் தகவல் இல்லாமல் கைமாறிய காசு, கடையில் வாங்கிய காசுக்குச் சமம். எனவே கழுவாதீர்கள், தேய்க்காதீர்கள். கிடந்த நிலையிலேயே பக்கத்தில் ஒரு ஸ்கேல் வைத்து இரண்டு பக்கமும் போட்டோ எடுங்க. லொக்கேஷனை சேவ் பண்ணுங்க. இன்னும் கிடைக்குமா என்று தோண்டவே கூடாது.

விற்கலாம் என்ற நினைப்பு இருந்தால் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 1878-ம் ஆண்டு புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடைத்த, 10 ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள பொருளைப் பற்றி மாவட்ட ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 10 ரூபாய் என்பது எழுத்துப் பிழை இல்லை, அந்தக் காலத்துத் தொகை அப்படியே நிற்கிறது. 100 வருஷம் தாண்டிய காசு 1972-ம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள். தனியார் யாரும் அதை வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. மாமல்லபுரத்தில் கிடைத்தால் தகவல் போக வேண்டிய இடம் செங்கல்பட்டு ஆட்சியர் அலுவலகம்.