ஹார்பர் பிரிட்ஜுக்குப் பெயின்ட் அடிப்பவர்கள்

சிட்னியில் தீராத வேலையைப் பற்றிப் பேச்சு வந்தால், ‘ஹார்பர் பிரிட்ஜுக்குப் பெயின்ட் அடிக்கிற மாதிரி’ என்பார்கள். ஒரு முனையில் தொடங்கி மறுமுனைக்குப் போய்ச் சேர்வதற்குள் தொடங்கிய இடத்தில் துரு ஏறிவிடும், மறுபடி முதலிலிருந்து அடிக்க வேண்டும் என்பது கருத்து. ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் ஃபோர்த் பாலத்தை வைத்து இதையே சொல்வார்கள்.

நம்மிடம் பகீரதப் பிரயத்தனம் இருக்கிறது. ஆனால் அதில் கடைசியில் கங்கை இறங்கி வந்துவிடுகிறாள். பாலத்து வேலையில் அப்படியொரு நாள் கிடையாது. அதனால் பரீட்சைக்குப் படிப்பதற்கு இதைச் சொன்னால் பொருந்தாது. சமையலறைப் பாத்திரத்துக்கும், முதியவர்களைப் பராமரிப்பதற்கும் பொருந்தும்.

உண்மையிலேயே அது எவ்வளவு பெரிய வேலை! 1932 மார்ச் 19 அன்று திறக்கப்பட்ட பாலம். வளைவின் நீளம் 503 மீட்டர். அதன் உச்சி கடல்மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரம். சுமார் 60 லட்சம் ரிவெட்டுகள். பெயின்ட் அடிக்க வேண்டிய இரும்புப் பரப்பு 4,85,000 சதுர மீட்டர், அதாவது ஏறக்குறைய 120 ஏக்கர். முதல் மூன்று பூச்சுக்கே 2,72,000 லிட்டர் செலவானது. பழைய பூச்சில் ஈயம் இருந்ததால் அதைச் சுரண்டி எடுப்பது உடம்புக்குக் கேடு. 2013 முதல் அந்த வேலைக்கு சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ரோபோக்களும் வந்துவிட்டன. ‘குரோகடைல் டண்டி’ நாயகன் பால் ஹோகன் நடிக்க வருமுன் இந்தப் பாலத்தின் பராமரிப்புக் குழுவில் வேலை பார்த்தவர்தான்.

இவ்வளவும் எதற்கு? உப்புக் காற்று இரும்பை விடாது. இது நமக்குத் தெரியாததல்ல. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலம் ஆண்டுக்கணக்காக அந்தக் காற்றோடு போராடியது. அரிப்பு முற்றி, 2022 டிசம்பரில் ரயில்கள் நின்றன. பக்கத்தில் புதுப் பாலம் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது.

பாலத்தைக் கட்டியவர்களின் பெயர் கல்வெட்டில் இருக்கும். துருவைச் சுரண்டுகிறவரின் பெயர் எங்கும் இருப்பதில்லை. அதுதான் எனக்கு ஆறாத விஷயம். அலுப்போடு சொல்லப்படும் அந்தத் தொடருக்குப் பின்னால், கயிற்றில் தொங்கி வேலை செய்யும் மனிதர்கள் இருக்கிறார்கள். 90 ஆண்டுகள் கடந்தும் அந்தப் பாலத்தில் ரயிலும் காரும் ஓடுகின்றன என்றால், அது அவர்கள் உழைப்பால்தான்.