கடைசி ஒரு நாட் வேகத்தோட விலை: பழைய விசைப்படகும் டீசல் கணக்கும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

மன்னார்குடியில உட்கார்ந்துக்கிட்டு படகைப் பத்தி ஒரு எபிசோடானு நீங்க கேக்கலாம். நம்ம ஊர்ல பெரிய தண்ணினா ஹரித்ராநதி தெப்பக்குளம்தான். ஆனா தெற்கே முத்துப்பேட்டை, தென்மேற்கே மல்லிப்பட்டினம், கிழக்கே நாகப்பட்டினம்னு மூணு பக்கமும் கொஞ்ச தூரத்துல கடல் வந்துடும். நம்ம மார்க்கெட்டுக்கு வர்ற மீனோட விலையில ஐஸ், கூலி, வலைனு எல்லாம் சேர்ந்திருக்கு. அதுல பெரிய பங்கு டீசலுக்கு. அந்த டீசலைக் கூட்டுறதும் குறைக்கிறதும் பெரும்பாலும் ஒரு விஷயத்தைப் பொறுத்ததுதான்: டிரைவர் படகை என்ன வேகத்துல ஓட்டுறார்?

இன்னைக்கு அதைத்தான் பார்க்கப் போறோம். பத்து இருபது வருஷம் ஓடின ஒரு படகு, புது இன்ஜின் வாங்கக் காசு இல்ல. இருக்கிறதை வெச்சே டீசலை மிச்சம் பிடிக்க முடியுமா?

பைக் மைலேஜ் கணக்கு இங்க செல்லாது

பைக் ஓட்டுறவங்களுக்கு ஒரு விஷயம் தெரியும். 50-ல போனா நல்ல மைலேஜ், 80-ல போனா குறையும். குறையும்னாலும் நாலு மடங்கு குறையாது. படகுல நிலைமை வேற. மோட்டார் படகுக்கு ஒரு தோராயமான விதி இருக்கு: வேகம் கூடும்போது தேவைப்படுற சக்தி, வேகத்தோட மும்மடிக்கு ஏத்த மாதிரி கூடும். வேகத்தை இரண்டு மடங்கு ஆக்கணும்னா எட்டு மடங்கு சக்தி வேணும்.

கூடவே இன்னொரு சிக்கல். தண்ணியில போற எந்தப் படகும் தனக்கு முன்னாடி ஒரு அலையை எழுப்பும். மெதுவா போனா குட்டிக் குட்டி அலை. தெப்பக்குளத்துல தெப்பம் நகரும்போது பாருங்க, தண்ணி அசைஞ்ச மாதிரியே இருக்காது. வேகம் கூடக் கூட அந்த அலை நீளமாகும். ஒரு கட்டத்துல அலையோட நீளமும் படகோட நீளமும் ஒண்ணாயிடும். அப்போ முன் அலையோட முகடு அணியத்துக்கிட்ட இருக்கும், அடுத்த முகடு பின்பக்கம் இருக்கும். நடுவுல இருக்கிற பள்ளத்துல படகு உட்கார்ந்திருக்கும். அதுக்கு மேல முடுக்கினா பின்பக்கம் பள்ளத்துக்குள்ள இறங்கி, படகு தான் எழுப்பின அலை மேட்டையே ஏற ஆரம்பிக்கும். டீசல் கொட்டும், வேகம் கூடாது.

இந்த எல்லையைக் கணக்குப் போட ஒரு எளிய சூத்திரம் இருக்கு. படகுல தண்ணியைத் தொடுற பகுதியோட நீளத்தை அடியில எடுத்துக்கோங்க. அதுக்கு வர்க்கமூலம் கண்டுபிடிங்க. 1.34-ஆல பெருக்குங்க. வர்ற விடைதான் நாட் கணக்குல அந்தப் படகோட எல்லை வேகம். ஒரு நாட்னா மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1.852 கிலோமீட்டர்.

45 அடினா வர்க்கமூலம் சுமார் 6.7. பெருக்கினா 9 நாட். அந்த லாஞ்சுல எவ்வளவு பெரிய இன்ஜினைப் போட்டாலும், 9 நாட் பக்கத்துல போகும்போதே சுவத்துல முட்டுற மாதிரி ஆயிடும்.

இதை முறையா அளந்து காட்டினவர் வில்லியம் ஃப்ரூட். 1870-களோட தொடக்கத்துல இங்கிலாந்தோட டார்கே ஊர்ல நீளமா ஒரு தொட்டி கட்டி, மெழுகுல செஞ்ச கப்பல் மாதிரிகளை அதுல இழுத்துப் பார்த்தார். சின்ன மாதிரியோட அளவீட்டை வெச்சே பெரிய கப்பலுக்கு எவ்வளவு சக்தி வேணும்னு கணக்குப் போடலாம்னு நிரூபிச்சார். அதே வகை இழுவைத் தொட்டி இன்னைக்குச் சென்னை ஐ.ஐ.டி.யோட கடல்சார் பொறியியல் துறையிலயும் இருக்கு.

ஒரு ட்ரிப், மூணு வேகம்

இப்போ கணக்குக்கு வருவோம். நான் சொல்ற எண்கள் ஒரு மாதிரிப் படகுக்கானது. உங்க படகுக்கு வேற வரும், ஆனா கணக்கோட போக்கு இதேதான்.

45 அடி வாட்டர்லைன் உள்ள படகு, 9 நாட்ல மணிக்கு 24 லிட்டர் குடிக்குதுன்னு வெச்சுக்கலாம். மீன் பிடிக்கிற இடம் 20 கடல் மைல். போக 20, வர 20, மொத்தம் 40.

9 நாட்ல: 4 மணி 27 நிமிஷம், 107 லிட்டர்.
8 நாட்ல: சரியா 5 மணி நேரம், 84 லிட்டர்.
7 நாட்ல: 5 மணி 43 நிமிஷம், 65 லிட்டர்.

9-ல இருந்து 8-க்கு இறங்கினா கூடுதலா 33 நிமிஷம் ஆகும், கிட்டத்தட்ட 22 லிட்டர் மிச்சம். இது மும்மடி விதியை மட்டும் வெச்சுப் போட்ட கணக்கு. எல்லை வேகத்துக்குப் பக்கத்துல அலையோட எதிர்ப்பு அதைவிட வேகமா ஏறும். அதனால நிஜத்துல அந்தக் கடைசி ஒரு நாட் இன்னும் காஸ்ட்லியா இருக்கத்தான் வாய்ப்பு.

வருஷத்துக்கு 100 ட்ரிப்னு வெச்சாலும் 2,200 லிட்டர். தமிழ்நாட்டுல ஒரு விசைப்படகுக்கு வருஷத்துக்கு 18,000 லிட்டர் வரிவிலக்கு டீசல் குடுத்துக்கிட்டு இருந்தாங்க. அதை 19,000 லிட்டரா உயர்த்துறதா 2023-ல மண்டபத்துல நடந்த மீனவர் மாநாட்டுல முதலமைச்சர் அறிவிச்சார். அதாவது அரசு கூட்டிக் குடுத்தது 1,000 லிட்டர். த்ராட்டிலைக் கொஞ்சம் பின்னாடி இழுத்தா கிடைக்கிறது அதைப்போல ரெண்டு மடங்கு.

ஒண்ணைத் தெளிவா சொல்லிடறேன். இது போக்குவரத்து நேரத்துக்கான கணக்கு மட்டும்தான். இழுவலை போட்டு இழுக்கும்போது படகு மெதுவாத்தான் நகரும். அப்போ சக்தி முழுக்க வலையை இழுக்கத்தான் போகும். அங்க இந்த விதி உதவாது.

"லேட்டா வந்தா ஏலம் போயிடுமே?"

நியாயமான கேள்வி. தஞ்சாவூர் மாவட்டக் கரையில விசைப்படகுகள் வாரத்துல மூணு நாள்தான் கடலுக்குப் போகுது. ஏப்ரல் 15-ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம் வேற. கிடைக்கிற நாள்ல சீக்கிரம் போகணும், சீக்கிரம் வந்து நல்ல விலைக்கு விக்கணும்னுதான் எல்லாருக்கும் தோணும். பக்கத்துப் படகு முந்தும்போது கை தானா த்ராட்டிலைத் தள்ளும்.

ஆனா திரும்பி வர்ற வழியை மட்டும் தனியா எடுத்துப் பாருங்க. 20 கடல் மைலுக்கு 9 நாட்லயும் 8 நாட்லயும் இருக்கிற வித்தியாசம் 17 நிமிஷம். டீசல் வித்தியாசம் 11 லிட்டர். லிட்டர் 90 ரூபாய்னு வெச்சா ஆயிரம் ரூபாய். வரிவிலக்கு டீசலா இருந்தா ரூபாய் குறையும், லிட்டர் குறையாது. ஆக கேள்வி இதுதான்: அந்த 17 நிமிஷத்துல உங்க மீனோட விலை ஆயிரம் ரூபாய் இறங்குமா? இறால் நிறைய இருக்கிற நாள்ல இறங்கலாம், அப்போ வேகமா வாங்க. பாதி காலிப் பெட்டியோட வர்ற நாள்ல அந்த ஆயிரம் ரூபாய்தான் ஒரு ஆளோட பங்கு. அன்னைக்கு எதுக்கு அவசரம்?

உலகம் இதை எப்படிப் பார்த்தது

2008-க்கு அப்புறம் பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகள் எல்லாம் இந்தக் கணக்குக்குத்தான் வந்தாங்க. 24 நாட் வாக்குல ஓடின கப்பல்களை 20-க்கும் கீழ இறக்கினாங்க. சரக்கு சில நாள் லேட்டா வந்தாலும் எண்ணெய்ச் செலவு குறைஞ்சதுல லாபம்.

பொழுதுபோக்குக்கு மோட்டார் யாட் வெச்சிருக்கிறவங்களும் இதையே கத்துக்கிட்டாங்க. அமெரிக்கக் கடற்படையில இருந்து ஓய்வு பெற்ற ராபர்ட் பீபி, 50 அடியில ஒரு படகை வடிவமைச்சு 1963-ல சிங்கப்பூர்ல கட்டி முடிச்சார். குறைஞ்ச சக்தி இன்ஜின், நிறைய டீசல், மெதுவான வேகம். அதுலயே பெருங்கடல் தாண்டினார். மேற்கு நாடுகள்ல அந்த மாதிரி நிதானமான யாட்டுகளை இன்னைக்கும் 'ட்ராலர்'னுதான் கூப்பிடுறாங்க, வலையே இல்லாட்டியும். அந்தப் பேரு மீன்பிடிப் படகுல இருந்து போனது.

இந்தியாவுல, கொச்சியில இருக்கிற மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் 2016-ல 'சாகர் ஹரிதா'ன்னு ஒரு படகை இறக்கிச்சு. உடல் வடிவத்தை மாத்தி, அதே அளவுப் படகுகளைவிட 20 சதவீதம் சின்ன இன்ஜினோட ஓட வெச்சாங்க.

எல்லாப் படகுக்கும் இது பொருந்துமா?

பொருந்தாது. இலேசான ஃபைபர் படகுல அவுட்போர்ட் மோட்டார் போட்டா, அது தன் அலை மேட்டை ஏறித் தாண்டி தண்ணி மேல சறுக்க ஆரம்பிக்கும். அதுக்கு ரெண்டு நல்ல வேகம் உண்டு. ஒண்ணு ரொம்ப மெதுவான வேகம், இன்னொண்ணு சறுக்குற வேகம். நடுவுல மூக்கைத் தூக்கிக்கிட்டு ஓடுறதுதான் ரொம்ப மோசம். பாரம் அதிகமாகி, எவ்வளவு முடுக்கினாலும் சறுக்க முடியலன்னா மெதுவா போறதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொண்ணு, ஆழம். முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகுல போயிருப்பீங்க. ஆழம் குறைஞ்ச காயல் அது. ஒரு மீட்டர் ஆழத் தண்ணியில அலையால சுமார் 6 நாட் வேகத்துக்கு மேல ஓட முடியாது. படகு அந்த வேகத்தை நெருங்கும்போதே எதிர்ப்பு எகிறும், பின்பக்கம் தரையை நோக்கி இறங்கும், அலை கரையை அறுக்கும். அங்க மெதுவா போனா டீசலும் மிச்சம், கரையும் தப்பிக்கும்.

பழைய படகுக்கு நாலு வேலை

முதல் வேலை, அளக்குறது. "மணிக்கு எத்தனை லிட்டர்"னு கேக்காதீங்க, "ஒரு கடல் மைலுக்கு எத்தனை லிட்டர்"னு கேளுங்க. காத்து அமைதியான நாள்ல, அளவுக்கோடு போட்ட சின்ன டேங்குல இருந்து டீசலை விட்டு, ஒரே ஆர்.பி.எம்.ல அரை மணி போங்க, அதே வழியில அரை மணி திரும்பி வாங்க. ரெண்டு பக்கமும் ஓட்டினாத்தான் நீரோட்டத்தோட தாக்கம் கழியும். ஜி.பி.எஸ். தூரத்தைக் குறிச்சுக்கோங்க. மூணு நாலு ஆர்.பி.எம்.ல இதைச் செஞ்சா, எந்த இடத்துல இருந்து டீசல் செலவு தாவுதுன்னு பேப்பர்லயே தெரிஞ்சிடும்.

ரெண்டாவது, அடிப்பாகம். பாசியும் சிப்பியும் ஒட்டின படகு, எந்த வேகத்துல போனாலும் கூடுதலா குடிக்கும். தடைக்காலத்துல கரையேத்தும்போது சுரண்டிப் பெயின்ட் அடிக்கிறது அழகுக்காக இல்ல. ப்ரொப்பெல்லர்லயும் அதே சுத்தம் வேணும்.

மூணாவது, ப்ரொப்பெல்லர் பொருத்தம். பழைய படகுல இன்ஜினை மாத்தியிருப்பாங்க, ப்ரொப்பெல்லர் மட்டும் பழசாவே இருக்கும். முழு த்ராட்டில்ல இன்ஜின் அதோட குறிப்பிட்ட ஆர்.பி.எம்.ஐ எட்டணும். எட்டாம கரும்புகை கக்கினா, ப்ரொப்பெல்லர் பெருசு, இல்லன்னா அடிப்பாகம் அழுக்கு, இல்லன்னா இன்ஜினுக்கே கோளாறு.

நாலாவது, ரொம்பவும் மெதுவா ஓட்டாதீங்க. டீசல் இன்ஜினை எப்பவும் பாரமே இல்லாம ஓட்டினா சூடு பத்தாம கரி படியும், சிலிண்டர் சுவர் பளபளத்து ஆயில் குடிக்க ஆரம்பிக்கும். அதனால எல்லை வேகத்துக்கு ஒண்ணு ஒண்ணரை நாட் கீழ ஓட்டுங்க. மெதுவா ஓட்டின நாள்ல கரைக்கு வர்றதுக்கு முன்னாடி கொஞ்ச நேரம் நல்லா பாரம் குடுத்து சூடாக்கிடுங்க.

பெரிய இன்ஜின் தீர்வா?

தமிழ்நாட்டுல மீன்பிடிப் படகுகளுக்கு 240 குதிரைத்திறன்னு ஒரு வரம்பு இருக்கு. அது மீன்வளத்தைக் காப்பாத்த வெச்ச வரம்பு. ஆனா டீசல் கணக்குலயும் அதுக்கு ஒரு நியாயம் இருக்கு. நீளம் மாறாத படகுல குதிரைத்திறனை மட்டும் கூட்டினா, கூடுற வேகம் கொஞ்சம், கூடுற செலவு நிறைய.

பாக் விரிகுடா இழுவைப் படகுகளுக்குப் பதிலா ஆழ்கடல்ல சூரை பிடிக்கிற தூண்டில் படகு குடுக்கிற திட்டம் 2017-ல வந்துச்சு. ஒரு படகு 80 லட்சம் ரூபாய். மானியம் 70 சதவீதம், மீதி வங்கிக்கடனும் மீனவர் பங்கும். கரையை ஒட்டி மீன் குறையும்போது தூரமாத்தான் போயாகணும். தூரம் கூடும்போது ஒவ்வொரு மைலுக்கும் ஆகுற டீசல்தான் அந்தத் தொழில் நிக்குமா நிக்காதான்னு முடிவு பண்ணும். கடனை அடைக்கிறது மீனா, இல்ல டீசல் பில்லைக் கட்டவே மீன் சரியா போகுதாங்கிறது, டிரைவரோட கையில இருக்கிற அந்த ஒரு நாட்லயும் இருக்கு.

கடலோரத்துல உங்களுக்குத் தெரிஞ்ச யாராவது படகு வெச்சிருந்தா இந்த எபிசோடை அனுப்புங்க. அந்த அளவு டேங்கு சோதனையைச் செஞ்சு பார்த்தா, வந்த எண்களை எங்களுக்கு எழுதுங்க. இன்னொரு எபிசோட்ல அதை வெச்சே பேசலாம்.