உஷார்! ஐந்து செவ்வாய் வரும் மாதம்

காலண்டரை எடுங்கள். இந்த மாதம் எத்தனை செவ்வாய்க்கிழமை என்று எண்ணுங்கள். உங்கள் குழுக்கடன் தவணை புதன் என்றால் புதனை எண்ணுங்கள், வெள்ளி என்றால் வெள்ளியை. ஐந்து வருகிறதா? அப்படியானால் இதைப் படித்து முடிக்காமல் எழுந்திருக்காதீர்கள். நாலுதான் என்றாலும் அடுத்த மாதத் தாளைப் புரட்டுங்கள்.

புதுச்சேரியில் எங்கள் கரியமாணிக்கத்திலும் சரி, நெட்டப்பாக்கம், மடுகரை, கல்மண்டபம், ஏம்பலம் என்று சுற்றுவட்டாரத்திலும் சரி, குழுக்கடன் நுழையாத தெருவை நான் பார்த்ததில்லை. வாரத் தவணை கட்டும் வீட்டில் மாதக் கணக்கை எப்படிப் போடுகிறோம்? "மாசத்துக்கு நாலு டியூ" என்று. பன்னிரண்டு மாதத்துக்கு 48. ஆனால் வருஷத்தில் 52 வாரம் இருக்கிறது. கணக்கில் வராத அந்த நாலு வாரமும் ஐந்து கிழமை வரும் மாதங்களில் போய் உட்கார்ந்துகொள்கிறது. 2026ஐ எடுத்துக்கொண்டால் செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்கு மார்ச், ஜூன், செப்டம்பர், டிசம்பர். அந்த ஐந்தாவது தவணைக்கு வீட்டில் பணம் ஒதுக்கியிருக்க மாட்டார்கள். அன்றைக்குத்தான் தினம் கட்டும் தண்டல் கடனுக்குப் போகிறார்கள், தாலிச்சரட்டில் கோத்திருக்கும் குண்டுமணித் தங்கத்தை அடகுக்குக் கொண்டுபோகிறார்கள்.

2024 டிசம்பரை மறந்திருக்க மாட்டீர்கள். நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. ஒரே நாளில் நாற்பத்தைந்து சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. சாத்தனூர் அணையைத் திறந்துவிட, தென்பெண்ணை பெருகி பாகூர்ப் பக்கம் ஊருக்குள் தண்ணீர் வந்தது. அரசு ரேஷன் அட்டைக்கு ரூ.5,000 நிவாரணம் அறிவித்தது. அந்த மாதத்தின் முதல் செவ்வாய் டிசம்பர் 3. கடைசிச் செவ்வாய் 31. எண்ணிப் பாருங்கள்: 3, 10, 17, 24, 31. வேலையே இல்லாத மாதத்தில் ஐந்து தவணை. நிவாரணப் பணம் எத்தனை வீட்டில் அடுப்புக்குப் போனது, எத்தனை வீட்டில் கடன் தவணைக்குப் போனது என்று அவரவர்க்கே தெரியும்.

போன வாரம் பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் வந்து, "என்னோடதை ஒருவாட்டி கூட்டிப் பாத்துச் சொல்லுடி" என்றார். சரி, கடன் அட்டைகளை எடுத்துக்கிட்டு வாங்கக்கா என்றேன். அதிலேயே ஒரு மணி நேரம் போயிற்று. ஒன்று அஞ்சறைப் பெட்டிக்கு அடியில். ஒன்று சாமி படத்துக்குப் பின்னால், மஞ்சள் கறையோடு. இன்னொன்று பையனின் பழைய பள்ளிப் பையில். "அவ்வளவுதானாக்கா?" என்றேன். "இன்னொண்ணு இருக்கணும். குழுத் தலைவிகிட்ட இருக்குதா, இங்கதான் எங்கயாவது வச்சனா, தெரியல" என்றார்.

கையில் கிடைத்த மூன்றை மட்டும் கூட்டினோம். செவ்வாய் ரூ.900, புதன் ரூ.750, மாதக் கடன் ரூ.2,700. நாலு வார மாதத்தில் ரூ.9,300. செவ்வாயும் புதனும் ஐந்து ஐந்தாக வரும் மாதத்தில், 2026இல் செப்டம்பரும் டிசம்பரும் அப்படித்தான், ரூ.10,950. அக்கா வீட்டுக்காரர் சித்தாள் வேலையிலும் அக்கா வயல் வேலையிலும் சேர்த்துக் கொண்டுவருவது நல்ல மாதத்தில் ரூ.18,000. மழை மாதத்தில் அதில் பாதியும் தேறாது. அக்கா அந்தத் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்று வருஷமாகக் கட்டுகிறவர். மொத்தத்தை ஒரே இடத்தில் எழுதிப் பார்த்தது அன்றுதான் முதல்முறை.

இதுதான் என்னைப் பயமுறுத்துகிறது. செலவாளி வீடு ஒன்று அழிந்தால் ஊருக்குக் காரணம் தெரியும். ஒரு புடவைகூட வாங்காமல் மிச்சம் பிடித்துக் கட்டுகிற பெண்களின் வீடும் சேர்ந்து அழிகிறது. ஒவ்வொரு தவணையும் தனித்தனியாகப் பார்த்தால் சின்னதாகத்தான் இருக்கும். கூட்டுத்தொகை எந்த அட்டையிலும் அச்சாவதில்லை.

ரிசர்வ் வங்கி 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த நுண்கடன் விதி ஒன்றை ஒவ்வொரு வீட்டுச் சுவரிலும் எழுதி வைக்க வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய் வரை உள்ள குடும்பத்துக்கு அடமானம் இல்லாமல் கொடுப்பதுதான் நுண்கடன்; நம் குழுக்கடனும் அதுதான். அந்தக் குடும்பம் மாதா மாதம் கட்டும் எல்லாக் கடன் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அக்காவுக்கு அந்தப் பாதி ரூ.9,000. அவர் ஏற்கெனவே தாண்டிவிட்டார். அப்படியிருந்தும் கடன் எப்படிக் கிடைத்தது? விண்ணப்பத்தில் வருமானத்தை யார் எழுதினார்கள், எவ்வளவு என்று எழுதினார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. கையெழுத்து மட்டும் அவருடையது.

இதில் இன்னொரு ஓட்டையும் உண்டு. அந்த விதிப்படி குடும்பம் என்றால் கணவன், மனைவி, கல்யாணம் ஆகாத பிள்ளைகள். மாமியார் பெயரில் இருக்கும் கடன் வேறு குடும்பக் கணக்கு. நம் ஊரில் மாமியாரும் மருமகளும் ஒரே அடுப்பில் சமைக்கிறார்கள், ஒரே கூலியிலிருந்து இரண்டு பேர் தவணையும் போகிறது. காகிதத்தில் இரண்டு குடும்பமும் வரம்புக்குள் இருக்கும், அந்த ஒற்றை வீடு மூழ்கிக்கொண்டிருக்கும். ஆகவே கூட்டும்போது மாமியாரின் அட்டையையும் சேர்த்தே கூட்டுங்கள்.

நுண்கடன் நிறுவனங்களின் கூட்டமைப்பே 2024இல் ஒருவருக்கு நாலு நிறுவனத்துக்கு மேல் கடன் கூடாது, மொத்தம் 2 லட்சத்தைத் தாண்டக் கூடாது என்று வரம்பு போட்டது. பிறகு நாலை மூன்றாகக் குறைத்தது. இதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நாலாவது கடன் கிடைக்காதவர் உங்களிடம் வருகிறார்: "உன் பேர்ல எடுத்துக் குடும்மா, நான் கட்டிக்கிறேன்." வருபவர் சொந்தக்காரராக இருப்பார், குழுத் தலைவியாகவே இருப்பார், முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்ல வாய் வராது. முதல் ஆறு தவணை ஒழுங்காக வரும். ஏழாவது தவணையன்று அவர் வீடு பூட்டிக் கிடந்தால் உங்கள் வாசலில் வந்து நிற்பார்கள். கடன் பதிவில் இருப்பது உங்கள் பெயர். உங்கள் பெயரில் என்னென்ன கடன் ஓடுகிறது என்று பார்க்க வழி இருக்கிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நாலு நிறுவனங்கள் கடன் பதிவு வைத்திருக்கின்றன. ஒவ்வொன்றும் வருஷத்துக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி உத்தரவு. கல்லூரிக்குப் போகும் பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் எடுத்துத் தந்துவிடும். இந்த மாதமே எடுங்கள். ஆதார் ஜெராக்ஸை யார் யாரிடம் கொடுத்தோம் என்று நினைவில்லாதவர்கள் இன்றைக்கே எடுங்கள்.

தண்டல் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். பத்தாயிரம் என்பார்கள், ஆயிரத்து ஐந்நூறைப் பிடித்துக்கொண்டு 8,500 கையில் தருவார்கள். தினம் நூறு, நூறு நாள். "நூறு ரூபாதானே" என்று தோன்றும். கையில் வாங்கிய 8,500க்கு வட்டி கணக்கிட்டால் வருஷத்துக்கு ஏறத்தாழ 120 சதவீதம். குழுக்கடனின் ஐந்தாவது தவணையை அடைக்க இதை வாங்குகிறோம் என்பதுதான் என் வயிற்றைக் கலக்குகிறது.

அட்டையும் ரசீதும் வீட்டில் எங்கே இருக்கின்றன என்பதும் பணக் கணக்கோடு சேர்ந்ததுதான். அடகு ரசீது தொலைந்த வீட்டில் கெடு தேதியும் சேர்ந்து தொலைகிறது. நகையை ஏலம் விடும் முன் முறையான அறிவிப்புத் தர வேண்டும், ஏலத்தில் கடனும் வட்டியும் போக மிஞ்சும் பணத்தை நகைக்குச் சொந்தக்காரரிடம் திருப்பித் தர வேண்டும். ரசீதே இல்லாதவர் அந்த மிச்சத்தைக் கேட்கப் போவதே இல்லை. தங்கம் இன்றிருக்கும் விலையில் அந்த மிச்சம் சின்னத் தொகை ஆகாது. இன்னொன்று, கடன் தரும்போதே பல இடங்களில் காப்பீட்டுக்கு என்று ஒரு தொகை பிடிக்கிறார்கள். அது பெரும்பாலும் கடன் வாங்கியவரோ அவர் கணவரோ இறந்தால் பாக்கியை அடைப்பதற்கு. எங்கள் உறவில் ஒரு பெண், கணவர் இறந்து பதினாறாம் நாள் காரியம் முடிவதற்கு முன்பே தவணை கட்டப் போனார். ஏழு மாதம் கட்டினார். ஏழு மாதம் கழித்து ஒரு தகர டப்பாவில் அந்தக் காப்பீட்டுத் தாள் கிடைத்தது. அவருக்கு எழுதப் படிக்கத் தெரியும். தாள் இருப்பது தெரியாது, அவ்வளவுதான்.

ஒரு பழைய பிளாஸ்டிக் கவர் போதும். கடன் அட்டை, அடகு ரசீது, காப்பீட்டுத் தாள், பாஸ்புக், சீட்டுப் புத்தகம் எல்லாம் அதற்குள். மேலே ஒரு தாளில் கிழமை வாரியாகத் தவணை. வெள்ளம் வந்தால் பிள்ளையைத் தூக்கும் கையோடு தூக்கக்கூடிய உயரத்தில் ஆணியில் தொங்க விடுங்கள். கவர் இருக்கும் இடம் வீட்டு ஆம்பளைக்கும் தெரிய வேண்டும். தொகையும் தெரிய வேண்டும். நம் ஊரில் பாதிக் கடன் அவருக்குத் தெரியாமல்தான் ஓடுகிறது, மீதிப் பாதி அவர் வாங்கி மனைவி கட்டுவது.

வாரத் தவணை பணத்தை மட்டுமா தின்கிறது? குழுவாகக் கூடித் தவணை கட்டும் சென்டர் கூட்டம் காலை எட்டு மணி என்பார்கள். ஒருத்தி வரவில்லை என்றால் மற்ற எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும், இல்லையானால் அவள் பங்கையும் சேர்த்துப் போட வேண்டும். ஒன்பதரைக்கு எழுந்தால் அன்றைக்கு நடவுக்கோ வேறு கூலி வேலைக்கோ போக முடியாது. அன்றைய கூலி போச்சு. மூன்று குழு என்றால் வாரத்தில் மூன்று காலை. கடன் வட்டியோடு இந்தக் கூலி இழப்பையும் சேர்த்து எழுதிப் பாருங்கள். புதுக்கடன் கொடுக்க வருகிறவரிடம் "மாதத் தவணையாகத் தருவீர்களா?" என்று கேளுங்கள். பல நிறுவனங்கள் தருகின்றன, நாம்தான் கேட்பதில்லை.

வசூலுக்கு வருகிறவர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்பதும் அதே 2022 விதியில் தெளிவாக இருக்கிறது. காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் போன் செய்யக் கூடாது. மிரட்டக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, சொந்தக்காரர்களையும் கூட வேலை செய்கிறவர்களையும் தொந்தரவு செய்யக் கூடாது, பெயரை ஊரறிய எழுதி ஒட்டக் கூடாது. பேசி வைத்த பொது இடத்தில்தான் வசூல். தொடர்ந்து இரண்டு முறை அங்கே நீங்கள் வராவிட்டால்தான் வீட்டுக்கு வரலாம். தாமத அபராதம் பாக்கித் தவணைக்கு மட்டும்தான், முழுக் கடனுக்கும் கிடையாது. முன்கூட்டியே அடைத்தால் அபராதமே கிடையாது. கடன் அட்டை உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும், புகார் எண் அதில் இருக்க வேண்டும். நிறுவனத்திடம் எழுத்தில் புகார் கொடுத்து முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். விவரம் கேட்க 14448.

எங்கள் பக்கத்துக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கட்டாய வசூலைத் தடுக்கத் தமிழ்நாடு 2025இல் தனிச் சட்டம் கொண்டுவந்தது. நாம் டிவியில் பார்த்து "சட்டம் வந்துடுச்சு" என்று தைரியமாகிவிட்டோம். அது தமிழ்நாட்டுச் சட்டம். இங்கே ஒரு வயல் தமிழ்நாடு, அடுத்த வயல் புதுச்சேரி. எல்லைக்கல் தாண்டினால் அந்தச் சட்டம் இல்லை. ரிசர்வ் வங்கி விதி மட்டும் இரண்டு பக்கமும் ஒன்றுதான், அதனால் பிடித்துக்கொள்ள வேண்டியது அதை.

அட்டையில் கையெழுத்துப் போடும்முன் அக்கம்பக்கத்து வரலாற்றையும் நினையுங்கள். 2010இல் ஆந்திராவில் இதே குழுக்கடன் நெரித்து, பெண்கள் உயிரை விட்டு, அந்த அக்டோபரில் அரசு அவசரச் சட்டம் போட வேண்டி வந்தது. இலங்கையில் 2018இல் வறட்சி மாவட்டப் பெண்கள் வாங்கிய ஒரு லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட நுண்கடன்களை அரசே தள்ளுபடி செய்வதாக அறிவித்தது. இரண்டு இடத்திலும் ஒரு கடனை அடைக்க அடுத்த கடன் வாங்கியதில்தான் முடிச்சு விழுந்தது.

அக்கா நேற்று மறுபடி வந்தார். தலைவியிடம் கேட்டாராம். அந்த நாலாவது அட்டை அவரிடம் இல்லையாம். பரண் மேல் நெல் மூட்டைக்குப் பின்னால் ஒரு துணிப்பை இருக்கிறது, அதில் தேடச் சொல்லியிருக்கிறேன். நாளன்றைக்குச் செவ்வாய்.